திரேஸ்புரம் மணலில் ஆடியவள்

1994 அக்டோபர் மாதம் திரேஸ்புரம் கடற்கரை மணலில், ஆள் யாரும் இல்லாமலே ஒரு பிள்ளையின் காலடிகள் விழத் தொடங்கின. முதல் நாள் நான்கு அடி, பிறகு இரண்டு கையும் ஊன்றி விழுந்த தடம், எழுந்து மறுபடி மூன்று அடி. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். கருவாடு காயப்போட வந்த ஞானபாக்கியம் மட்டும் கூடையை இறக்கிவைத்து அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். அந்த வலது காலில் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். முந்தின வருஷம் சங்கு குளிக்கப் போய் மேலே வராமலே போன அவள் புருஷன் ரோச்சுக்கும் அப்படித்தான். தன் மகள் விஜிலா நடக்கப் பழகிவிட்டாள் என்பது அவளுக்கு இவ்விதமாகத் தெரிந்தது.

ரோச் போன கையோடு ஞானபாக்கியத்துக்கு மஞ்சள் காமாலை கண்டு பால் வற்றியது. உடம்பு தேறும்வரை, ஆறு மாசத்துக்கு என்று சொல்லித்தான் பிள்ளையை ஒரு காப்பகத்தில் விட்டாள். நாலாம் மாசமே தெம்பு வந்து கூட்டிவரப் போனபோது, பிள்ளை ஹாலந்துக்கு விமானம் ஏறிவிட்டது, நீ கைநாட்டு வைத்த தாளில் எல்லாம் இருக்கிறது என்றார்கள். ஆபீஸ் ஆபீசாக மனு கொடுத்தாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. மணலில் வந்ததுதான் பதில். அன்றிலிருந்து தடம் விழுகிற சாயங்காலங்களில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதை மிதிக்காமல் ஓர் அடி தள்ளிக் கூடவே நடந்தாள்.

பிள்ளைக்கு ஏழு வயது ஆன வருஷம் விரல்கள் மறைந்து, தடம் வட்ட வட்டக் குழிகளாகப் பதிய ஆரம்பித்தது. துறைமுகத்து அணியில் பந்தாடிய மந்திரமூர்த்தி மண்டியிட்டுப் பார்த்தார்.

“எக்கா, இது புட்பால் பூட்ஸு. எடங்கால் ஆட்டக்காரன். ஓரமாவே ஓடி, சட்டுனு உள்ள திரும்புதான் பாருங்க.”

“ஆட்டக்காரன் இல்ல தம்பி, ஆட்டக்காரி. எம் மவ” என்றாள் ஞானபாக்கியம்.

இரண்டு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தெளித்த ஈரத்தின் மேலேயே தடம் குறுக்கே ஓடியது. பதினாறு வயதில் ஓர் எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் ஆறடி இடைவெளி விழுந்தது. ஞானபாக்கியம் மூச்சிரைக்க ஓடிப் பார்த்தாள், எட்டவில்லை.

2017இல் ஒரு சாயங்காலம், சங்கரம்மாளின் டீக்கடையில் மந்திரமூர்த்தி போனில் ஏதோ ஒரு பெண்கள் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஞானபாக்கியம் டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஹாலந்து அணியின் ஆரஞ்சுச் சட்டையில் நம் ஊர் நிறத்தில் ஒருத்தி இடது ஓரமாக ஓடினாள். கடைக்கு வெளியே மணல் புதைந்து புதைந்து எழும்பியது. போனில் அவள் நின்றாள், மணலும் நின்றது. அவள் உள்ளே திரும்பி அடித்துக் கோல் போட்டுத் துள்ள, மணலில் இரண்டு பள்ளம் ஆழமாக விழுந்தது. சட்டையில் ஃபெம்கே என்று எழுதியிருப்பதாக மந்திரமூர்த்தி படித்துச் சொன்னார்.

“என்ன பேரோ இருக்கட்டும்” என்றாள் சங்கரம்மாள். “ஏளா பாக்கியம், அப்பன் மூஞ்சியை அப்படியே உரிச்சு வச்சிருக்கா.”

2020இல் இடது தடம் மணலைக் கிழித்துக்கொண்டு இழுபட்டு, அப்படியே நின்றுபோனது. நாற்பது நாள் ஒன்றுமில்லை. ஞானபாக்கியம் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மாதா கோயிலே கதியென்று கிடந்தாள். நாற்பத்தோராம் நாள் ஊன்றுகோலின் இரண்டு குழிகளும் நடுவே ஒற்றைக் காலும் வந்தன. பத்து மாசம், அந்த வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக் கூடவே போனாள். பிறகு தடம் மறுபடி ஓடியது, ஆனால் பழைய ஓட்டம் இல்லை. 2023 மே மாதம் ஓர் ஆட்டத்தின் முடிவில் ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றது. பூட்ஸ் தடம் அதோடு சரி.

மறு வருஷம் ஜனவரியில், தத்துத் தாளில் இருந்த ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஃபெம்கே நேரில் வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி மணலில் நடந்தாள். நடந்த இடத்தில் ஒரு தடமும் விழவில்லை. கரையில் இருந்த பெண்கள் குருசு போட்டுக்கொண்டார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை, மீன்காரிகளின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஞானபாக்கியத்தின் இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. நங்கூரக் கயிறு அறுத்துக்கொண்டு போனது. ஃபெம்கே அந்தக் காலுக்கு முன்னால் நின்று, பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். பனி மூடிய மைதானத்தில் பூட்ஸ் தடங்கள். ஓர் அடி தள்ளி, நான்கே விரலோடு ஒரு வெறுங்கால் கூடவே வந்திருந்தது.

அவளுடைய இங்கிலீஷை மந்திரமூர்த்தி தமிழில் சொன்னார். “பனி விழுத நாளெல்லாம் இந்தக் கால் கூட வருமாம் எக்கா. டீம்ல எல்லாரும் பயந்துட்டாங்களாம். இவளுக்கு மட்டும் பயம் இல்லையாம்.” அவள் இன்னும் ஏதோ கேட்டாள். அவர் குரல் தணிந்தது. “என்னைய ஏன் குடுத்தன்னு கேக்கா.”

“குடுக்கல. ஆறு மாசத்துக்கு விட்டேன். நாலாம் மாசமே வந்துட்டேன்னு சொல்லுங்க தம்பி.”

அவர் சொன்னார். ஃபெம்கே நான்கு விரலை விரித்துக் காட்டி, சரிதானா என்பதுபோலத் தாயைப் பார்த்தாள். ஞானபாக்கியம் தலையாட்டினாள். மகள் மணலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். ஞானபாக்கியம் அந்த வலது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை விடவில்லை.

பதினோரு நாள் இருந்துவிட்டு அவள் திரும்பிப் போனாள். அங்கே சிறுமிகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறாளாம். தடம் மறுபடி விழத் தொடங்கியது. ஓட்டம் இல்லை, நின்று நிதானித்து நடக்கிறது. போன மார்கழியில் ஞானபாக்கியம் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். இரண்டாம் நாள் சாயங்காலம் சங்கரம்மாள் டீயும் பன்னும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஊரில் நெத்திலி வரத்துக் குறைவு, காற்று மாறிவிட்டது என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

“நேத்துலேருந்து ஒம் மவ ஒரே எடத்துல நிக்கா. முட்டளவு மண்ணு உள்வாங்கிட்டு. எந்திரிச்சுப் போளா.”

ஞானபாக்கியம் எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு போனாள்.