சொந்த விருப்பத்தின் பேரில்

பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரின் மின்னஞ்சல் "அன்பான குடும்பமே" என்று ஆரம்பித்தால், யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். ஓஷ் நகரத்தின் அந்தப் பல்கலைக்கழகத்தில் காவலாளிக்குக்கூட அது தெரியும். நிலவியல் துறையின் மூத்த ஆசிரியை ஜார்கினாய் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை படித்தாள். துறை "புதிய சிறகுகள்" பெறுகிறதாம். மூத்தவர்கள் "அடுத்த உயரத்தை நோக்கிப் பயணிக்க" வாய்ப்பாம். இவ்வளவு நீட்டி முழக்கியும் வேலைநீக்கம் என்ற சொல்லை மட்டும் காணோம். தூ, இதுவும் ஒரு எழுத்தா!

விஷயம் இதுதான். ஒருவரை நீக்க வேண்டுமென்றால் ரெக்டர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முதுகெலும்பு வேண்டுமே! அதனால் போகிறவரே "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். பக்கத்து மேஜை சபீரா அழுதுகொண்டே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜார்கினாயின் சொந்த அக்காவும் பேர் கெடாமல் போய்விடுவது நல்லது என்று புத்தி வேறு சொன்னாள். ஆனால் கணவன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். இந்தச் சம்பளம் நின்றால் அடுப்பு எரியாது. பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மத்தியானம் ரெக்டர் எகெம்பெர்தி சதீரொவிச் கூப்பிட்டனுப்பினார். தேநீர் ஊற்றினார், உலர்ந்த பாதாமிப் பழம் எடுத்துக்கொள்ளச் சொன்னார், வெள்ளைத்தாள் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்.

"என்னைப் போகச் சொல்றீங்களா?"

"சேச்சே, நாங்க யாரையும் போகச் சொல்றதில்ல. உங்க பயணத்துக்குத் துணையா நிக்கிறோம்."

"நான் எங்கயும் கிளம்பலையே."

அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பக்கம் பக்கமாக எழுதுகிற மனுசன், பாதாமித் தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார். பார்க்கவே அருவருப்பாக இருந்தது அவளுக்கு. பேனாவை எடுத்து எழுதினாள்: "எனக்குப் போக விருப்பமில்லை. ரெக்டருக்கு என்னை அனுப்ப விருப்பம். அதைச் சொல்ல அவருக்குத் தைரியமில்லை." தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பி நகர்த்தினாள்.

அதைப் படித்ததும் ரெக்டருக்குக் காது சிவந்துவிட்டது. அப்போதும் குரல் உயரவில்லை.

"இதையே கொஞ்சம் மென்மையா எழுதலாமே?"

"அது உங்களுக்குத்தான் கைவந்த கலை, நீங்களே எழுதிக்குங்க. கீழ உங்க கையெழுத்து இருந்தா போதும், நான் போயிடறேன்."

சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். அந்தக் கையெழுத்தை அவர் இன்றுவரை போடவில்லை, கோழை. அவள் இன்றும் அங்கேதான் பாடம் எடுக்கிறாள்.