கை நீட்டாத ரெங்கம்மாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு மதியச் சாப்பாட்டில் கிடைத்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கு இரண்டாம் கட்ட மருத்துவப் பயிற்சி; நிறைவு விழாவில் வாழ்த்திப் பேச ஓர் எழுத்தாளர் வேண்டுமாம். நல்ல எழுத்தாளர் யாரும் சிக்கவில்லை போலிருக்கிறது, என்னைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பந்தியில் பக்கத்து இலை செவ்வந்தி. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறவர்.

"தெருவுல எல்லாரும் கை நீட்டுறாங்க சார். எங்க மாமியார் மட்டும் நீட்ட மாட்டேங்கிறாங்க," என்றார். அதற்குள் ரசம் வந்துவிட்டது. மீதியைப் பிறகு போனில் கேட்டுக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'காவிரித் தாய் கடைமடையைத் தொட்ட அந்த அந்திப் பொழுதில்…' (அடித்துவிட்டேன். சம்பவம் நடந்தது காலை பத்து மணிக்கு.)

இரண்டாம் தொடக்கம்: 'பாம்பு.' (ஒரே சொல், நவீனமாக இருக்குமே என்று பார்த்தேன். எட்டிப் படித்த என் மனைவி "எங்க?" என்று நாற்காலிமேல் ஏறிவிட்டாள். அடித்துவிட்டேன்.)

மூன்றாவது, அலங்காரமில்லாமல்: செவ்வந்தி முதல் பயிற்சி முடித்த பத்தாம் நாள், மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன மாமனார் அமிர்தலிங்கத்தைக் கையில் பாம்பு கடித்தது. செவ்வந்தி ஓடிவருவதற்குள் பக்கத்து வீட்டுக் காத்தான் நைலான் கயிற்றால் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டிவிட்டார். கை கறுத்துக்கொண்டே வந்தது. மனுஷன் துடித்தார்.

3

இந்த இடத்தில் நான் எழுதியது என் வாழ்நாளிலேயே சிறந்த காட்சி. செவ்வந்தி இடுப்பிலிருந்து அரிவாளை உருவுகிறாள், கயிறு அறுந்து விழுகிறது, கையில் ரத்தம் பாய்கிறது, ஊரே கைதட்டி—

பெருமை தாங்காமல் அவருக்கே போனில் படித்துக் காட்டினேன்.

"ஐயய்யோ சார்! கட்டவே கூடாது. ஆனா கட்டிட்டாங்கன்னா நாம அவுக்கவும் கூடாது. ஆஸ்பத்திரியில டாக்டர் முன்னாடிதான் அவுக்கணும். சட்டுனு அவுத்தா விஷம் மொத்தமா ஏறிடும். உங்க கதையப் படிச்சிட்டு யாராவது அவுத்து வெச்சா?"

"அப்ப நீங்க என்னதான் பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். அசையாதீங்க மாமான்னு படுக்க வெச்சேன். 108க்குப் போன் போட்டேன். அத்தை என் கால்ல விழுந்துட்டாங்க சார். 'அவுத்து விடுடி, உசுரு போவுதுங்கிறாரே'ன்னு அழுதாங்க. நான் அவுக்க விடல."

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி போட்டும் மூன்றாம் நாள் அமிர்தலிங்கம் போய்விட்டார்.

(அடிக்குறிப்பு: என் சிறந்த காட்சியை அடித்துவிட்டேன். அழுதுகொண்டேதான் அடித்தேன். காட்சிக்காக அழுதேனா, அவருக்காகவா என்று கேட்காதீர்கள்.)

4

கைவசம் இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

(அ) மாமியார் ரெங்கம்மாள் மனம் மாறி மருமகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். செவ்வந்தி சிரித்துவிட்டார். "எங்க அத்தையா?"

(ஆ) ரெங்கம்மாள் மயங்கி விழ, செவ்வந்தி காப்பாற்றுகிறார்.

இதற்குச் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் சார் பயந்து சாவுறேன். ரெண்டு மாசமா தலை சுத்துதுன்னு சுவத்தப் புடிச்சு நடக்குறாங்க. நான் மெஷினை எடுத்தாலே, 'என் கையில எதையும் கட்டாத'ங்கிறாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை முழங்கைக்கு மேலேதான் சுற்றுவார்கள். சுற்றினால் அது இறுகும். காத்தான் கயிறு கட்டியது அதே இடத்தில். நாற்பது பக்கம் எழுதிக் கிழித்த மேதைக்கு இது தெரியவில்லை, பாருங்கள்.

5

"அத்தைக்குப் படிக்கத் தெரியாது சார். நான் சொன்னா காதப் பொத்திக்கிறாங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு எழுதுங்க, தெருவுல யாராவது படிச்சுக் காட்டட்டும். அந்த மூணு நாளும் அத்தை மாமா பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருந்தாங்களே, அவுத்திருந்தா அந்த மூணு நாளே இருந்திருக்காது."

எழுதிவிட்டேன். முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் அந்தத் தெருக்காரராக இருந்தால், இதை ரெங்கம்மாளுக்குப் படித்துக் காட்டுங்கள். என் தொடக்கங்கள் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். அந்த மூன்று நாளை மட்டும் மெதுவாக, இரண்டு தரம் படியுங்கள். செவ்வந்தி பட்டையோடு வாசலில்தான் நிற்பார்.