கட்டைமணிக்குப் பதில் சொன்ன மரங்கொத்தி

பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணிகள் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு சனி இரவுப் பாஸ்கு பூசை வரைக்கும் வெண்கலச் சத்தம் கேட்கக்கூடாது. அந்த இடைவெளியில் மணிக்குப் பதிலாகப் பேசுவது கட்டைமணி. கொட்டகலைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் கட்டைமணி பெரிய கலைப்பொருள் ஒன்றும் இல்லை. கைப்பிடி வைத்த ஒரு பலகை, அதன் இரண்டு பக்கமும் ஆடுகிற மரச்சுத்திகள், அவ்வளவுதான். பிடித்து உதறினால் கடகடவென்று ஊரைக் கூட்டும். ஆனால் பெரிய வெள்ளி சிலுவைப் பாதையில் அதற்கு இருக்கும் அதிகாரம் தோட்டத்துத் துரைக்குக்கூடக் கிடையாது. ஊர்வலம் நிற்கிற ஒவ்வொரு நிலையிலும் அது ஒரு தடவை அடித்தால் சனம் முழுக்க முட்டி போடும். மறுபடி அடித்தால்தான் எழும்பும். நடுவில் பாதரே சொன்னாலும் ஒருவரும் அசையமாட்டார்கள்.

பல வருசமாக அதை அடித்து வந்தவர் சூசைரட்ணம். ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய அடி ஒரு தினுசு. ஆரம்பத்தில் படபடவென்று வெடிக்கும், போகப்போகச் சத்தம் தேய்ந்து கடைசியில் தானாக அடங்கும். தன் அடியைக் கேட்டால் கல்லும் முட்டி போடும் என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் சொல்ல இடம் கொடுத்ததில்லை.

இந்த வருசம் அவருடைய தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. "அடுத்து யார் அடிக்கிறது?" என்று பாதர் பூசை முடிந்து கேட்டபோது ஆம்பளைகள் எல்லாரும் கோயில் கூரையைப் பார்த்தார்கள். கட்டைமணியைப் பிடித்தால் சூசைரட்ணத்தின் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். பொம்பளைகள் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. அது டெல்சியின் கை.

டெல்சி கொழுந்து எடுப்பவள். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். விடிந்தால் ஹோர்ன் சத்தத்துக்கு ஓட வேண்டும், மலையில் கங்காணியின் சத்தத்துக்குத் திரும்ப வேண்டும், லயத்து வீட்டுக்கு வந்தால் குக்கரின் சத்தத்துக்கு எழும்ப வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு நாளாவது தன் கையிலிருந்து வரும் சத்தத்துக்கு இந்தத் தோட்டம் எழும்பி உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்த ஆசையை அவள் புருசனிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் ஜீவராஜ் சிரிப்பான்.

"பொம்பள கையில கட்டைமணியா?" என்றார் சூசைரட்ணம். பாதர் முறைத்ததும் சுருதியை இறக்கினார். "சரி, அடிக்கட்டும். ஆனா என் அடிய அப்படியே அடிக்கணும். ஒரு இழை மாறுனாலும் கட்டைய நா திரும்ப வாங்கிப்புடுவேன், பாத்துக்க."

"அடிக்கிறேன் மாமா," என்றாள் டெல்சி.

தவக்காலம் தொடங்கியதும் பழக ஆரம்பித்தாள். லயத்தில் அடித்ததும் அடுத்த வீட்டுக் காம்பராவில் தொட்டில் பிள்ளை வீரிட்டது, நாய்கள் ஊளையிட்டன. கட்டைமணியைச் சீலைத் துணியில் சுற்றிக்கொண்டு, தினமும் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்கு முன்னால் கோயில் பாதையில் ஏறிக் காட்டோரத்துக்குப் போனாள். அங்கே பட்டுப்போன சவுக்கு மரம் ஒன்று இலையில்லாமல் நின்றது. அதன் அடியில் நின்றுகொண்டு, சூசைரட்ணத்தின் அடியை நினைத்து ஓர் உதறு உதறினாள். படபடவென்று எழும்பி, தேய்ந்து, அடங்கியது. அச்சு அசலாக வந்துவிட்டதே என்று அவள் பூரித்து நின்ற அந்த நேரத்தில், தலைக்கு மேலே இன்னொரு சூசைரட்ணம் அடித்தார்.

அதே படபடப்பு, அதே தேய்வு, அதே அடக்கம். டெல்சி அண்ணாந்து பார்த்தாள். மரத்தில் ஒரு மரங்கொத்தி ஒட்டிக்கொண்டிருந்தது. காகத்தைவிடக் கொஞ்சம்தான் சிறிசு. முதுகு முழுக்க நல்ல சிவப்பு, தலையில் சிவப்புக் கொண்டை, தந்த நிறத்தில் நீளமான அலகு. வாலை மரத்தில் முட்டுக் கொடுத்து உட்கார்ந்து, யாருடி நீ என்கிற மாதிரி அவளைக் குனிந்து பார்த்தது.

அவள் மறுபடி அடித்தாள். அது மறுபடி அடித்தது. அவள் வேகமாக அடித்தாள், அது இன்னும் வேகமாக அடித்தது. பெரட்டு ஹோர்ன் கேட்கிற வரைக்கும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கு அவள் பிந்திப்போய்க் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நாளாக ஆக, அந்தப் பறவையின் குணமெல்லாம் அவளுக்குப் பிடிபட்டது. தீனிக்குக் கொத்துவது வேறு, அடிப்பது வேறு. தீனிக்கு என்றால் பட்டையைப் பெயர்த்து எறும்பையும் புழுவையும் நாக்கை நீட்டி இழுக்கும், பெரிய சத்தம் இருக்காது. அடிப்பது, இது என் இடம், வேற எவனும் வரக்கூடாது என்று ஊருக்கு அறிவிக்கத்தான். அதற்காகவே காய்ந்து கணீரென்று பேசுகிற மரமாகப் பார்த்து வைத்திருக்கும். அதற்குப் பெண்சாதியும் உண்டு. அவளுடைய கொண்டை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். புருசன் இங்கே வீம்புக்கு அடித்துக்கொண்டிருக்க, அவள் அந்தப் பக்கத்து மரத்தில் சத்தமில்லாமல் வயிற்றுப்பாட்டைப் பார்ப்பாள். இந்த விசயத்தில் டெல்சிக்கு அவள்மேல் தனிப் பாசம் வந்தது.

கிட்டப் போனால் பறவை மரத்தின் மறுபக்கத்துக்கு நகர்ந்து ஒளிந்துகொள்ளும். டெல்சி அந்தப் பக்கம் போனால் அது இந்தப் பக்கம் வரும். ஒரு காலையில் இப்படி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, காட்டில் விறகு பொறுக்க வந்த பழனியாண்டி பார்த்துவிட்டான்.

"என்னா டெல்சிக்கா, நம்மாளுங்க அரச மரத்த சுத்துற மாதிரி சுத்துறீங்க? மூணு புள்ளைங்க போதாதா?"

"போடா அந்தப் பக்கம்," என்றாள் டெல்சி. பொழுது சாய்வதற்குள் லயம் பூராவும் அந்தக் கதை பரவிவிட்டது. ஜீவராஜ் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது, "நாலாவதுக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றான்.

அவள் கண்டுபிடித்ததிலேயே முக்கியமானது வேறொன்று. கட்டைமணியைப் படபடவென்று உதறாமல், டக், டக், டக் என்று நிறுத்தி நிதானமாக அடித்தால் பறவை சட்டை செய்யவே இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்கும், பிறகு அலுத்துப்போய்ப் பறந்துவிடும். அதன் பாசையில் அது பேச்சே கிடையாது போலிருக்கிறது. சூசைரட்ணத்தின் அடிதான் அதற்குச் சண்டைக்கு இழுக்கிற அடி. இவரிடமிருந்து அது பழகியதா, அதனிடமிருந்து இவர் பழகினாரா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

குருத்தோலை ஞாயிறன்று அவரிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தாள். "மாமா, கொஞ்சம் மெதுவா அடிச்சா என்னா? பாதையில ஒரு மரங்கொத்தி இருக்கு..."

"மெதுவாவா? கறி வெட்டவா போற?" சூசைரட்ணத்துக்கு மூக்கு சிவந்தது. "ஒரு குருவிக்குப் பயந்து என் அடிய மாத்துறதா? முடியாதுன்னா இப்பவே கட்டைய குடுத்துட்டுப் போ."

டெல்சி கட்டையைக் கொடுக்கவில்லை. அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. அந்தப் பறவைக்கு வீம்பு எல்லாம் காலையில் மட்டும்தான். மத்தியானத்துக்கு மேல் சத்தம் போடாது. சிலுவைப் பாதை வழக்கமாகப் பின்னேரம்தான். ஆண்டவரும் மரங்கொத்தியும் சேர்ந்து தன்னைக் காப்பாற்றிவிடுவார்கள் என்று நிம்மதியாக இருந்தாள்.

பெரிய வியாழன் பூசை முடிவில் பாதர் அறிவித்தார். "நாளைக்கிப் பின்னேரம் எனக்கு இன்னும் ரெண்டு தோட்டத்துக்குப் போகணும். அதனால உங்களுக்கு சிலுவைப் பாதை காலையிலயே."

டெல்சியைத் தவிர அந்தக் கோயிலில் ஒருவருக்கும் அது கெட்ட செய்தியாகப் படவில்லை.

மறுநாள் காலை கீழ் லயத்திலிருந்து சனம் புறப்பட்டது. பெரிய மரச்சிலுவையை ஜீவராஜ் தூக்கி முன்னால் நடந்தான். காய்ந்த சவுக்கில் செய்த சிலுவை, அவனைப்போல ஒன்றரை மடங்கு உயரம். பக்கத்தில் கட்டைமணியோடு டெல்சி. அவளுக்குப் பின்னால், தவறு பிடிக்க வசதியான தூரத்தில் சூசைரட்ணம். முதல் நான்கு நிலையும் லயங்களுக்கு நடுவில் அருமையாகப் போயின. டெல்சி அடித்தாள், சனம் முட்டி போட்டது. அடித்தாள், எழும்பியது. கங்காணிகூட அவள் அடிக்கு முட்டி போட்டார். அவளுக்கு உள்ளுக்குள் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. துக்க நாளில் இவ்வளவு சந்தோசப்படுவது பாவமோ என்று பயந்து முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நிலை காட்டோரத்தில். டெல்சி அடித்தாள். சனம் முட்டி போட்டது. பாதர் புத்தகத்தைத் திறந்து வாயெடுப்பதற்குள், மேலே சவுக்கு மரத்திலிருந்து படபடவென்று பதில் வந்தது. சனம் எழும்பியது.

"இன்னும் இல்ல, முட்டி போடுங்க," என்றார் பாதர். யாரும் அசையவில்லை. கட்டைமணி அடிக்காமல் எப்படி முட்டி போடுவது? டெல்சி அவசரமாக அடித்தாள். முட்டி போட்டார்கள். பறவை அடித்தது. எழும்பினார்கள். அந்தக் காட்டின் எல்லையில் இன்னொரு மரங்கொத்திக்கு ரோசம் வந்து, அதுவும் தன் பங்குக்கு அடித்தது. பாதி சனம் முட்டி போட்டது, பாதி நின்றது, வயசானவர்கள் நடுவில் தொங்கினார்கள். பாதரே ஒரு முட்டியைத் தரையில் வைத்து மறு முட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்.

"பாத்தீங்களா? நா அப்பவே சொன்னேன்!" சூசைரட்ணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "கையி நடுங்குது இவளுக்கு. குடு இங்க!"

அவ்வளவு பேர் பார்க்க டெல்சி கட்டைமணியைக் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் ஆசைப்பட்டது இந்த ஒரு நாளுக்குத்தான். அதுவும் பாதி வழியில் போய்விட்டது.

சூசைரட்ணம் கட்டைமணியை வாங்கிப் பிடித்து, தோள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு தன் புகழ்பெற்ற அடியை அடித்தார்; சனம் முழுக்க ஒன்றுபோல எழும்பி நின்றது. நியாயமாகச் சொல்ல வேண்டும், பிரமாதமான அடி. மரங்கொத்திக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். இத்தனை நாள் ஒரு சின்ன எதிராளி, இப்போது அசல் ஆளே வந்துவிட்டான் என்று அது மரத்தை விட்டுக் கிளம்பியது. ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பறந்து வந்து, கூட்டத்துக்கு நடுவில் உயரமாக, காய்ந்து, கணீரென்று பேசுகிற மாதிரி நின்ற ஒரு மரத்தில் ஒட்டிக்கொண்டது. அது ஜீவராஜ் பிடித்திருந்த சிலுவை.

அங்கிருந்து அது அடித்த அடியில் சிலுவையும் அதிர்ந்தது, ஜீவராஜின் கைகளும் அதிர்ந்தன. சனம் மொத்தமும் பட்டென்று முட்டி போட்டது. பாதரும் போட்டார். சூசைரட்ணமும் தன்னை மறந்து போட்டார்.

தங்கள் தலைக்கு மேல் சிலுவையில் சிவப்பு முதுகோடு உட்கார்ந்திருந்த பறவையை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழும்பலாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"டெல்சி," என்றான் ஜீவராஜ் உதட்டை அசைக்காமல். "இது என் தலையில எச்சம் போடப் போகுது. என்னாவாச்சும் செய்யி."

சூசைரட்ணம் கட்டைமணியைத் தூக்கினார். பறவை கொண்டையைச் சிலிர்த்து அவரை நேராகப் பார்த்தது. அவர் கையை இறக்கினார். மறுபடி தூக்கினார். அது அலகை ஓங்கியது. மறுபடி இறக்கினார். கீழே கூர்க்கற்கள். அவருடைய முட்டிகள் அவரை விட வயசானவை. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி டெல்சியைப் பார்த்தார்.

"புள்ள," என்றார். "எழும்ப முடியல. நீ அடி."

"உங்க அடியா மாமா?"

"எந்த எழவு அடியோ, அடி!"

டெல்சி எழும்பிப் போய்க் கட்டைமணியை வாங்கினாள். சிலுவைக்கு நேரே நின்று, நிறுத்தி நிதானமாக அடித்தாள். டக். டக். டக்.

பறவை தலையைச் சாய்த்துக் கேட்டது. அடுத்த டக்குக்கு அதற்கு அலுத்துவிட்டது. சிலுவையின் மறுபக்கத்துக்கு நகர்ந்து, அங்கிருந்து ஒரு கிறீச்சிட்ட சிரிப்புச் சிரித்து, காட்டுக்குள் போய்விட்டது.

சனம் இன்னும் எழும்பவில்லை. இந்தப் புது அடியைக் கணக்கில் எடுப்பதா என்று எல்லாரும் சூசைரட்ணத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் டெல்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே எழும்பி நின்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எழும்பினார்கள்.

"ஆறாம் நிலை," என்றார் பாதர், குரலில் சிரிப்பை மறைத்துக்கொண்டு.

டெல்சி கட்டைமணியைச் சூசைரட்ணத்திடம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் அடித்தாள், தன் அடியை. எல்லாருக்கும் முன்னால், வலிக்கிற அந்த முட்டிகளைக் கற்களில் ஊன்றி, சூசைரட்ணம்தான் முதலில் முட்டி போட்டார்.