நீல வாளியில் நனைத்த நாலு வரிசை

பதினோராயிரத்து நானூற்று அறுபது. உரக்கடைக்காரருக்கு அவள் தர வேண்டிய தொகை. போன போகத்தில் வாங்கிய மூட்டை உரத்தின் பாக்கி. கடைக்காரர் வேற்றாள் இல்லை, அக்காள் புருஷன். சொந்தம் என்பதால் வட்டி கிடையாது. சொந்தம் என்பதால் வாய்க்குப் பூட்டும் கிடையாது.

"முட்டைக்கோஸ் வெட்டுறதுக்குள்ள தீரலன்னா, அந்த அரை ஏக்கர் குத்தகையை என் பேருக்கு மாத்திடணும் கொழுந்தியா. அப்புறம் மாமா மூஞ்சில முழிக்க மாட்டேன்னு கோவிச்சுக்கக் கூடாது."

"உங்க மூஞ்சில முழிக்கிறதுக்கே யாராச்சும் எனக்குக் காசு தரணும் மாமா."

இந்த முறை அவள் மூட்டை உரத்தைத் தொடவில்லை. மக்கிய சாணமும் நுண்ணுயிர் உரமும்தான். கறுப்புப் பொடி, விலை சொற்பம். உள்ளே உயிரோடிருக்கும் கிருமிகள் காற்றிலுள்ள சத்தை இழுத்து வேருக்குக் கொடுக்குமாம். வடிகஞ்சியில் கரைத்து, நாற்றின் வேரை அரைமணி ஊறவைத்து நட வேண்டும்.

"கடனை வச்சுக்கிட்டுக் கிருமி வளக்கிறா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்லிச் சிரித்தார்.

நட்ட அன்று நெளிந்த பழைய அண்டா போதவில்லை. கடைசி நாலு வரிசைக்கு அவள் புருஷன் நீல வாளியைக் கொண்டுவந்து கொடுத்தான். பால் டிப்போவில் கேன் கழுவுகிற வேலை அவனுக்கு.

ஒரு மாதத்தில் பன்னிரண்டு வரிசை இலை விரித்து மண்ணை மறைத்தது. கடைசி நாலு மட்டும் வெளிறிப்போய், வைத்த இடத்திலேயே நின்றது. மாமா வரப்பில் வந்து நின்று, "என்ன, கிருமிக்கு மாலை வாங்கிடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த நாலும் போனால் கணக்கு உதைக்கும், நிலம் கைவிட்டுப் போகும். ஒரே பொடி, ஒரே மண். வித்தியாசம் வாளி ஒன்றுதான். எடுத்து முகர்ந்து பார்த்தாள். அடியில் காய்ந்து ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியின் நெடி மூக்கில் சுருக்கென்று ஏறியது.

"ஏங்க, நட்ட அன்னிக்கு இந்த வாளியக் கழுவிட்டா குடுத்தீங்க?"

"பின்ன? பால் கேன் மாதிரி பிளீச்சிங் பவுடர் போட்டு ரெண்டு தடவை தேச்சேன். ஒரு கிருமி..." பெருமையாக ஆரம்பித்தவன் வாய் பாதியில் நின்றது.

பல நாள் கழித்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "காசு குடுத்துக் கிருமி வாங்கினேன். மொத்தத்தையும் மேல அனுப்பிட்டீங்களே!"

மறுநாளே இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கி, மக்கிய சாணத்தில் கலந்து, ஒவ்வொரு செடியின் தூரிலும் அவனே குனிந்து குனிந்து வைத்தான். பத்து நாளில் பச்சை திரும்பியது. தாமதமாகத்தான் என்றாலும் அந்த நாலு வரிசையும் உருண்டு திரண்டது.

கோஸ் விற்று, வண்டிக்கூலி போக, பணத்தை மாமாவின் மேசையில் வைத்தாள். விரலை நனைத்து இரண்டு தடவை எண்ணினார்.

"பதினோராயிரத்து நானூறு. அறுபது குறையுதே?"

பையிலிருந்து இரண்டு முட்டைக்கோஸை எடுத்து வைத்தாள். "நீங்க மாலை வாங்கறேன்னீங்களே, அந்த வரிசை."

மாமா ஒன்றைக் கையில் ஏந்திக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

"அந்தக் கறுப்புப் பொடி எங்க கிடைக்குது? கடையில நாலு பாக்கெட் வச்சுப் பாக்கலாம்னுதான்..."

"சொல்றேன். வாளிய மட்டும் உங்க சகலைகிட்ட கழுவக் குடுத்துடாதீங்க."

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டைத் திறந்தார். அவள் பேருக்கு நேரே, தாள் கிழிகிற மாதிரி, ஒரு கோடு அடித்தார்.