நாற்பத்தொன்றாவது தடவை

2017 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, குடிக்கத் தண்ணீர் கேட்க கலாவதி வாயைத் திறந்தாள். டிரம், கீபோர்டு சகிதமாக ஒரு ஸ்பானிஷ் ஆட்டப்பாட்டு வெளியே வந்தது. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வேறு எதுவும் வரவில்லை.

அவள் ஏற்காட்டுப் பக்கத்து நாகலூர்க்காரி. அப்பா மாதையன் காபி எஸ்டேட்டில் செடிகளைக் கவாத்து வெட்டுகிறவர். ஏற்காட்டு ஓட்டலொன்றில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தவளை, அங்கே கீபோர்டு வாசித்த கிங்ஸ்டன் மேடையேற்றினான். லத்தீன் ஃப்ரீஸ்டைல் ஆட்ட இசை என்றால் அவனுக்குப் பைத்தியம். ஸ்பானிஷ் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பான், அவள் பாடுவாள், சுற்றுலா வந்தவர்கள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து ஆடுவார்கள். அவளைக் கல்யாணம் செய்துகொண்ட வருஷம் அவளுக்கென்றே ஒரு பாட்டுப் போட்டான். ‘வா, என்னோடு ஆடு, விடிய நேரமிருக்கிறது’ என்று அர்த்தம். சென்னைக் கம்பெனி ஒன்று அதைப் பதிவு செய்ய அவளை நாற்பத்தொரு தடவை பாட வைத்தது. அது முடிந்த பிறகுதான் அவள் தண்ணீர் கேட்டாள்.

இனி வாத்தியக்காரர்களே வேண்டாமென்று கம்பெனிக்குச் சந்தோஷம். லோலா என்று பெயர் வைத்து, மூன்று வருஷம் கல்லூரி விழா, துபாய், கொழும்பு என்று கூட்டிப் போனார்கள். தொண்டையில் கோளாறில்லை, தாளம் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். மாதையனுக்குப் படிக்கத் தெரியாது.

பிறகு ஜனங்களுக்குப் பாட்டு சலித்துவிட்டது. கம்பெனி வேறொருத்தியைத் தேடிக்கொண்டது. “நான் போட்ட பாட்டுத்தான் கலா. இன்னொருக்கா கேட்டா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்” என்று அழுதுவிட்டு பைக்கில் மலையை விட்டு இறங்கிய கிங்ஸ்டன் திரும்பி வரவில்லை.

நுரையீரல் கெட்டு மாதையன் சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பான்னு ஒருக்கா கூப்புடு சாமி. நொம்ப வருசமாச்சு கண்ணு” என்றார். அவள் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு முயன்றாள். உதடுகள் அந்தச் சொல்லுக்காகத்தான் சேர்ந்தன. டிரம் அடித்தது. வார்டின் எட்டுக் கட்டில்களிலும் கால்கள் தாளம் போட்டன. மூக்கில் குழாய் செருகியிருந்தவர்கூடத் தோளை ஆட்டினார். போர்வைக்குள் மாதையனின் காலும் ஆடியது. “போதும் சாமி, உட்டுரு” என்றார். அவளால் நிறுத்த முடியவில்லை. பாட்டு முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் அவர் உயிர் போயிற்று. கால் மட்டும் கடைசிவரை ஆடிவிட்டு நின்றது.

எழவுக்கு வந்தவர்கள் முன்னால் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவள் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறாள். காலையில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டர் பெயர் வாசிக்கிறார். “கலாவதி” என்றதும் அவள் வாயைத் திறக்கிறாள். வரிசையில் நிற்கும் பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு லேசாக இடுப்பை அசைக்கிறார்கள். ஒரு வரி முடியும்வரை பொறுத்திருந்து, டிக் போட்டுவிட்டு, ரைட்டர் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார்.