மாமி தொட்ட பேனை

முனாபுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அதிலும் அவனுடைய மைப்பேனையை யாராவது தொட்டுவிட்டால் தொலைந்தது, மூதூர்க் கடைத்தெரு வரைக்கும் சத்தம் கேட்கும். திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் அவன் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். அவன் கைச்சாய்வுக்கே தேய்ந்து பழகிய நிப்பு அது. மேலதிகாரி கேட்டால்கூடக் கொடுக்க மாட்டான், அவ்வளவு பெரிய மனசு!

அந்தச் சனிக்கிழமை பதவி உயர்வுப் பரீட்சை. மைப்பேனையால்தான் எழுத வேண்டும். பாஸ் பண்ணினால் திருகோணமலையில் குடியிருக்க அரசாங்கக் குவாட்டஸ் கிடைக்கும். அந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் மனைவி ரபீக்காவின் வீட்டில்தான் இருந்தான். மாமியார் ஆமினா உம்மா எதற்கும் ஒரு எதிர்க்கதை வைத்திருப்பாள். அது அவனுக்குப் பிடிக்கவே இல்லை. தனிக்குடித்தனம் போனால் தன் சொல்தான் சட்டம் என்று மனப்பால் குடித்துக்கொண்டிருந்தான்.

அன்று காலை திருகோணமலைக்குக் கடல் கடக்கும் லோஞ்சுக்குப் புறப்படுமுன் பேனையை எழுதிப் பார்த்தான். நிப்பு கடதாசியைக் கிழித்தது. மை கொட்டியது. நிப்பு எதிர்ப்பக்கமாக வளைந்திருந்தது. பார்த்ததுமே விளங்கிவிட்டது: யாரோ அழுத்தி, வலமிருந்து இடமாக எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதுவது அரபுத்தமிழ்தான், அரபு எழுத்தில் தமிழ். அந்த வீட்டில் அது தெரிந்தவள் மாமி.

"மாமி! என்ட பேனைய ஏன் தொட்டீங்க?"

ஆமினா உம்மா கறிக்கரண்டியோடு குசினியிலிருந்து வந்தாள். "உங்கட பேனை எனக்கு என்னத்துக்கு மருமகன்? கண்ணே ஒழுங்காத் தெரியல்ல."

"பொய்! நான் இந்த ஊட்ட விட்டுப் போயிருவன் எண்டு உங்களுக்கு வயிறெரியிது."

"மரியாதையாக் கதைங்க. இது என்ட மகள்ட ஊடு."

முனாப் கதிரையை உதைத்துத் தள்ளினான். "வேற ஆரு எழுதின? உங்கட மகளா? அவள் தற்குறி!"

அறை வாசலில் நின்ற ரபீக்கா முன்னுக்கு வந்தாள். "உம்மா தொடல்ல. நான்தான் எழுதின. நேத்து நீங்க ஜும்ஆவுக்குப் போன நேரம்."

"உனக்கு எழுதத் தெரியுமா?"

"ஓம். குர்ஆன் ஓதப் போன காலத்துல படிச்ச. நீங்க கேட்கல்ல, நான் சொல்லல்ல."

முனாப் கையை ஓங்கினான். ஆமினா உம்மா பாய்ந்து நடுவில் நின்றாள். கை அந்தரத்தில் நின்று, பிறகு இறங்கியது.

"என்ன எழுதின?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

ரபீக்கா உம்மாவின் தோளைப் பிடித்தபடி சொன்னாள்.

"உங்களுக்குக் குவாட்டஸ் கிடைக்கப்படாதெண்டு அல்லாஹ்வுக்குத்தான் எழுதின. இங்க உம்மா நடுவுல வாறதாலதான் உங்கட கை நிக்கிது. அங்க ஆரு வருவா?"