அதிராத குச்சி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். விபத்தில் பார்வை போன பிறகு இன்னும் கூடிவிட்டது. பார்வையற்றோர் பயிற்சி நிலையத்துக்குள் நுழைந்ததுமே, அவர்கள் கொடுத்த குச்சியை மேசை மேல் போட்டேன்.

"இது அதிரவே மாட்டேங்குது. நல்லா ஏமாத்திட்டீங்க."

அதன் கைப்பிடியில் ஒரு கருவி இருக்கிறது. எதிரே வண்டியோ கம்பமோ நின்றால் கைக்குள் அதிர வேண்டும். எங்கே திரும்புவது என்று போன் காதுக்குள் சொல்லும். இரண்டையும் நம்பித்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அங்கே பிசியோதெரபி பிரிவில், அடிபட்டவர்களின் கைகால்களை மறுபடி அசைய வைப்பது என் வேலை. போன வாரம் வரை கணவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். இந்த வாரம்தான் குச்சியோடு தனியாகப் போய்ப் பார்க்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு அச்சகத்தில் காலை ஷிப்ட். அதற்குள் தனியாக நடக்கப் பழகாவிட்டால் என் வேலை போய்விடும்.

பயிற்சி கொடுக்கும் பெண் குச்சியைச் சுவர்ப் பக்கம் நீட்டி என் கையில் கொடுத்தாள். நன்றாகவே அதிர்ந்தது.

"குச்சி மேல தப்பில்லக்கா. உங்க தெரு ரொம்ப நல்ல தெரு போல."

எங்கள் தெருவாவது, நல்ல தெருவாவது! நடைபாதையில் பாதி வண்டிகளுக்கு, மீதி கடைப் பலகைகளுக்கு.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது, "நான் தூங்கப் போறேன்" என்று கணவர் பெரிதாகக் கொட்டாவி விட்டார். நடந்தேன். குச்சி வாயே திறக்கவில்லை. மருந்துக்கடையை நெருங்கும்போது முன்னால் ஒரு கத்தல் கேட்டது.

"யோவ், என் வண்டிய எங்கய்யா தள்ளிட்டுப் போற?"

"கத்தாதீங்க சார். பின்னாடி என் சம்சாரம் வர்றா. அவ தாண்டினதும் அதே இடத்துல வெச்சுடறேன்."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் மனுஷன்.

"என்னங்க, தூங்கலையா?"

உருண்டுகொண்டிருந்த வண்டி சட்டென்று நின்றது.

"தினமும் இந்த வேலைதானா? அடுத்த வாரம் யார் வந்து தள்ளுவா?"

"நீ விழுந்துட்டா என்ன பண்றது? ஒரு தடவை ஆஸ்பத்திரிக் கட்டில்ல உன்னைப் பார்த்ததே போதும்..." குரல் உடைந்தது.

என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவர் தோளில் சாய்ந்துகொள்ளலாம் போலிருந்தது. சாய்ந்திருந்தால் மறுபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போயிருப்பேன்.

"வண்டிய இருந்த இடத்துலயே வைங்க. வெச்சுட்டு வீட்டுக்குப் போங்க."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்" என்றார் வண்டிக்காரர்.

ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. ஓர் அடி வைத்தேன். குச்சி கைக்குள் துடித்தது. பயத்தில் நின்றுவிட்டேன். பிறகு மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கி வண்டியைத் தாண்டினேன். அப்புறம் அந்தக் குச்சி ஓயவே இல்லை. ஒரு பலகையை மட்டும் தப்பாகக் கணித்து முழங்காலில் இடித்துக்கொண்டேன். அதை வைத்தவனை மனசாரத் திட்டிவிட்டு நடந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்ததும் போன் அடித்தது.

"சேர்ந்துட்டியா?"

"சேர்ந்துட்டேன்."

"எங்கேயாவது அடிபட்டுச்சா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "முழங்கால்ல லேசா இடிச்சுக்கிட்டேன்."

இதோ ஓடி வரப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சரி" என்றார். "சாயங்காலம் நீயே வந்துடு."